பனிநிலை

விளக்கணைக்கும் ஊதல் ஒலித்துக் கால்மணி நேரம்.
போர்வைக்குள் கூடாரமடித்து டுல்னுவான்
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி படிக்கிறாள்.
எச்சில் வழிகிறது என்ட்ரோபியின் மேல்.

எனக்கு அதற்கும் வழியில்லை.
மாலையில் பித்தளைக் கொக்கிகள் தேய்த்தேன்.
இரண்டாம் மாடிப் படிக்கட்டு என் பங்கு, பெருக்கினேன்.
அணிவகுப்பில் இடதுகால் முந்திக்கொண்டதற்கு
மைதானத்தை ஏழு சுற்று.
மிச்சமிருந்த நாற்பது நிமிடத்தில்
நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் திறந்தால்
கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்புப் பாலிஷ்
மிகச் சரியாகச் சூத்திரத்தின் மேல் பதிந்தது.
துப்பறிய ஒன்றுமில்லை, என் ரேகைதான்.

இரண்டு முதல் நான்கு, ஆயுதக் கிடங்கில் காவல்.
எட்டு மணிக்குத் தேர்வு.
“உள்ளங்கையில் எழுதிக்கோ பங்கனிபன்,
கையுறை போட்டால் யாருக்குத் தெரியும்?”
பேனாவை எடுத்தேன்.
சேர்ந்த அன்று சத்தியம் செய்யத் தூக்கிய கை அது.
மூடியைத் திருகி வைத்துவிட்டேன்.
பாதி பயம்.
பாதி, மை தீர்ந்திருந்தது.

பாகியோ மலையில் அந்நேரம்
பைன் மரங்களுக்குக் கால் கிடையாது.
இடுப்புவரை மூடுபனி.
பன்னிரண்டு அடி போக, பன்னிரண்டு அடி வர.
தூக்கம் பின்னாலேயே வந்து பிடரியைத் தட்டியது.
துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றினேன்,
விரல் நனைந்தது.
மழை இல்லை. காற்றில் அசைவுகூட இல்லை.
எஃகு மட்டும் வேர்த்திருந்தது.

அட, இதைத்தானே
அந்தப் பக்கம் மூன்று நாளாய்க் கத்திக்கொண்டிருந்தது!
தாங்குகிறவரை தாங்கும் காற்று
தன்னைவிடக் குளிர்ந்த ஒன்றைத் தொட்டதும்
சுமந்ததை அங்கேயே இறக்கி வைத்துவிடும்.
பூட்டிய கிடங்கின் முன்
விறைப்பாக நின்றபடி வாய்விட்டுச் சிரித்தேன்.
“யாரங்கே?” என்று அதட்ட வேண்டியவள் நான்.

தேர்வில் முதல் கேள்வியே பனிநிலை.
முழுப் பக்கம் எழுதினேன், படம் போட்டு.
இரண்டாம் கேள்வியின் நடு வரியில்
கண் செருகியது.
பேனா ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டுபோய்
மேசையிலிருந்து குதித்தது.

பத்துக்கு ஆறே முக்கால். தேற ஏழு வேண்டும்.
கேப்டன் ஓகாம்போ சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
இந்தக் கோடு எதைக் குறிக்கிறது?

மறுதேர்வு சனிக்கிழமை காலை.
அன்று எனக்குச் சமையலறை, இரண்டு மூட்டை வெங்காயம்.
டுல்னுவான் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள்.
பதிலுக்கு
அவளுடைய வெள்ளி இரவுக் காவல் எனக்கு.
இரண்டு முதல் நான்கு.