மூன்றாவது கொட்டு

இரண்டாம் முறை கொட்டியது போன செப்டம்பரில்,
இனா பள்ளத்தாக்கின் ஓர் ஆப்பிள் கொட்டகையில்.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
ஒரு விரற்கடை தோல்.
கதண்டுக்கு அது போதும்.

கண் விழித்ததும் மருத்துவர் சொன்னார்:
"மியாஷிதா-சான், மூன்றாவது முறைக்கு
என்னால் உத்தரவாதம் தர முடியாது."
பதினோரு வருடம் கூடு கலைத்தவள் நான்.
இப்போது அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறேன்.
"கூடு தலையளவா, பூசணியளவா?"
கேட்டு எழுதிக்கொள்வேன்.
காரசவா போய்வருவான்.

வெள்ளை உடுப்பு இன்னும் வாசல் கொக்கியில்.
இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்
யாரோ வந்து நிற்பதுபோல ஒரு கணம்.

விளையாட்டைக் காட்டித்தந்தவள்
பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த ஆசிரியை.
ஒரு தீவு, ஒரு கூடாரம், கொஞ்சம் கடன்.
மீன் பிடிக்கலாம், நாற்காலி செய்யலாம்,
அண்டைவீட்டு ஆட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம்.
எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை.
இரவு ஏழுக்கு மேல் போவேன்,
தேள் வரும் நேரத்துக்கு.

முதலில் தீவை மொட்டையடிக்க வேண்டும்.
பூவைப் பிடுங்கி, மரத்தைச் சாய்த்து,
கல்லைக்கூட உடைத்து.
வேறெந்தப் பூச்சிக்கும் உட்கார இடமில்லை என்றால்
வருவது தேள்தான்.
ஓடினால் தொலைந்தோம்.
வலையை உயர்த்தி, ஓரடி.
கொடுக்கைத் தூக்கினால் நில்.
மூச்சு என்னுடையது, பொம்மைக்கு மூச்சே இல்லை,
இருந்தும் அடக்கிக்கொள்கிறேன்.
கொடுக்கு தாழும். ஓரடி.

தப்பினால் கொட்டும். திரை கருக்கும்.
அப்புறம் என் வீட்டு வாசலில் எழுந்து நிற்பேன்,
தொப்பிகூடக் கோணாமல்.
ஆம்புலன்ஸ் இல்லை.
நாக்கு தடித்து
என் பெயரே வாயில் வராமல் போவது இல்லை.
முதல் வாரம் வேண்டுமென்றே
நாற்பது முறை கொட்டுப்பட்டேன்.
காரசவாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நேற்றிரவு பனி. ஈர விறகை
அடுப்போரம் அடுக்கிவிட்டு
கொதாட்சுப் போர்வைக்குள் கால் நீட்டினேன்.
பதினொன்றே கால். பதினேழாவது தேள்.
நான்கடி தூரத்தில் கொடுக்கைத் தூக்கியது.
நின்றேன்.

அப்போது மேசையில் ஏதோ நடந்துவந்தது.

ராணி. என் கட்டைவிரல் நீளம்.
உளுத்த மரத்துக்குள்
குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க வந்தவள்,
அடுப்புச் சூட்டை வசந்தம் என்று நம்பிவிட்டாள்.
இறக்கை இன்னும் ஒட்டிக்கிடந்தது.
என் தேநீர்க் குவளையை
போதையில் தள்ளாடுபவள்போலச் சுற்றினாள்.

ஊசி கோட்டுப் பையில்.
கோட்டு வாசலில், அந்த வெள்ளை உடுப்புக்கு அடியில்.

அவள் நடந்தாள். நான் அசையவில்லை.
அவள் சற்றே விலகியதும்
குவளையை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தேன்.
சிரிக்காதீர்கள், காலிக் குவளை வேண்டுமே.
முன்காலைத் தூக்கி முகம் துடைத்தாள்.
நின்றேன்.
காலைத் தாழ்த்தினாள்.

கவிழ்த்தேன்.

பீங்கானுக்குள் மோட்டார் போல ஓர் இரைச்சல்.
அதே நொடி திரை கருத்தது.
தேள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் காரசவா
பைஜாமாமேல் மழைக்கோட்டோடு வந்தான்.
"எவ்வளவு பெரிது?"
"குவளையளவு."
அடியில் தபாலட்டையைச் செருகி
வெளியே எடுத்துப் போனான்.
திரும்பும்போது குவளை காலி.
பனியில் விட்டானா, நசுக்கினானா,
நான் கேட்கவில்லை. அவள் பிழைத்து
மே மாதம் கூடு கட்டினால்
தொலைபேசியை எடுக்கப்போவது நான்தான்.
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

திரையில் என் பொம்மை வாசலில் நின்றது,
பழையபடி, தூசி தட்டிக்கொண்டு.
காரசவா எட்டிப் பார்த்தான்.
"இதில் என்ன கிடைக்கும்?"
"தேள் ஒன்றுக்கு எட்டாயிரம். கடைக்கார நீர்நாய் தரும்."
ஒரு கூட்டுக்கு நிறுவனம் தருவதை
மனதுக்குள் கணக்குப் பார்த்தான்போல,
ஒன்றும் பேசாமல்
போர்வையைத் தூக்கிக் காலை நீட்டினான்.

"நாலு மணிவரை வரும்" என்றேன்.