மில் கொப்பி

கரண்ட் நின்றால்தான் எனக்குக் கணக்குப் பார்க்க நேரம்.
மல்லாவியில் அது அடிக்கடி நிற்கும்.

தையில் எழுதியிருக்கிறேன்:
இந்த வருசம் வேறு மோட்டார்.
கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.
பங்குனி வரைக்கும் மிளகாய்த்தூள்தான் படிந்தது.
பழையது மத்தியானம் தாண்டினால் கொதிக்கும்,
ஈரச்சாக்குப் போர்த்தி ஓட்டுவேன்.

பிறகு ஒருநாள் வவுனியாவுக்குப் போன் எடுத்து விலை கேட்டேன்.
பாவித்தது, ஒரு லட்சத்து எட்டாயிரம்.
ஒன்பது மாதத்தால் பிரித்து
இருபத்தைந்து நாளால் பிரித்து
கிலோக்கூலி அறுபதால் பிரிக்க
மோட்டார் சுருங்கி
எட்டுக் கிலோ மிளகாயாய் வாசலில் நின்றது.

அன்றிலிருந்து முதல் எட்டுக் கிலோவின் காசு
பால்மாப் பேணிக்குள்.
மிச்சத்தில்தான் கரண்ட் பில், பெல்ட்,
செவ்வாய்க்கிழமை.
செவ்வாயென்றால் கடன் கம்பனிப் பெடியன்,
மோட்டச்சைக்கிளை நிற்பாட்டாமலே சிரிப்பான்.

இன்றைக்கு முதல் ஆள் யோகசோதி.
மகளின் சாமத்தியவீடு, பத்துக் கிலோ,
"காசு பிறகு தாறன்."
அரைத்தேன். தும்மினேன்.
பேணிக்குள் காசுக்குப் பதில் ஒரு துண்டு:
யோகசோதி, நானூற்றெண்பது.
நாளைக்குப் பதினாறு கிலோ.

இப்போது மில்லின் அரையிருட்டில்
செலவுப் பக்கத்தைத் திரும்ப வாசிக்கிறேன்.
கிறீசுக்கு இடமிருக்கிறது.
விளக்குமாற்றுக்கும் இருக்கிறது.
கிறீசுக்கு மேலே, நெருக்கி, எழுதுகிறேன்:
தவமலர், சம்பளம்.

கரண்ட் வந்துவிட்டது. வரிசையில் ஆறு பேர்.
கொஞ்சம் இருங்கோ,
தொகை எழுதவேணும்.