ஏழாவது வளைவு

ராஜினாமாக் கடிதம்
மேல்சட்டையின் உள்பையில் பதினொரு நாளாக இருக்கிறது.
வியர்வையில் மடிப்பு இற்றுப்போய்
என் கையெழுத்து மட்டும் தனித்துண்டாகிவிட்டது.

மெஸ்தியாவுக்கு ஏறும் மலைச்சாலையில்
எங்கள் பொறுப்பு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
பனி வாரும் வண்டிகள் மூன்று. ஆட்கள் ஒன்பது பேர்.
இப்போது எட்டு.
ஏழாவது வளைவில் ஜோகியாவை
நான்தான் முன்னே போகச் சொன்னேன்.
"போ, மேலே சத்தமில்லை" என்றேன் ரேடியோவில்.
மலையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்தவர்கள்
வானிலையின் மேல் பழி எழுதிவிட்டுப் போனார்கள்.
எனக்கு அந்தத் தீர்ப்பு செரிக்கவில்லை.

கொட்டகையில் ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை.
தேநீர் ஊற்றும்போது என் கோப்பையையும் நிரப்புகிறார்கள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.
புதுப் பையன் தமாஸி
சங்கிலியை எங்கே மாட்டட்டும் என்று கேட்டால்கூட
பக்கத்தில் நிற்பவனைக் கைகாட்டுகிறேன்.
உத்தரவிட வாய் திறந்தால்
உள்ளே பனி விழுகிறது.

முன்பெல்லாம் ஜெபம் எனக்கு இன்னொரு ரேடியோ.
சொல்வதைச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவேன்.
இந்தப் பதினொரு நாளும் கோயிலில்
மெழுகுவத்தியை நட்டுவிட்டு
குதிரைமேல் இருக்கும் புனிதரின் முகம் பாராமல்
குதிரையின் குளம்பைப் பார்த்துத் திரும்பினேன்.

இன்று விடிகாலை நாலே கால்.
தொலைபேசியில் லமாரா, ஜோகியாவின் மனைவி.
"சாலை எப்போது திறக்கும்?"
"தெரியாது. ராத்திரி ஒரு முழம் விழுந்திருக்கிறது."
வைத்துவிட்டாள்.

நாலே முக்கால்.
"சாலை எப்போது திறக்கும்?"
"வேறு யாரையாவது கேள், லமாரா. நான் இனிமேல்..."
முடிக்க விடவில்லை.
ரத்தம் சுத்திகரிக்கும் எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள்
அந்த ஆஸ்பத்திரியில் தான் ஒருத்திதான் என்றாள்.
மூன்று பேர் காத்திருப்பார்கள் என்றாள்.

ஐந்து பத்து.
அதே கேள்வி, அதே குரல்.
அழுகை இல்லை, கோபம் இல்லை,
மன்னித்தேன் என்பதும் இல்லை.
மூன்றாம் முறை எனக்கு வலித்தது.

வலித்த பிறகுதான் நினைவு வந்தது
கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி
தன் ஆண்டவரையே யாரென்று கைவிரித்த மீனவன்.
பிறகொரு விடியலில், கரையில்,
இன்னொரு கரிநெருப்பு, வெந்த மீன்,
ஒரே கேள்வி மூன்று முறை.
வருஷா வருஷம் வாசிக்கக் கேட்டிருக்கிறேன்.
நோன்பு இருந்த பசியில்
எனக்கு எப்போதும் அந்த மீன்மேல்தான் கண்.
இன்று வேறொன்று பட்டது.
ஏன் அப்படிச் செய்தாய் என்று
ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.
பசித்த மந்தையைக் காட்டினார்,
வேலையைத் திரும்பக் கையில் கொடுத்தார்.

அது மன்னிப்பா, தண்டனையா?
இன்னமும் எனக்குத் தெளிவில்லை.

அடுப்பைச் சுற்றி ஈர பூட்ஸ்கள் காய்ந்துகொண்டிருந்தன.
ஜோகியாவின் மாற்று ஜோடி ஆணியிலேயே.
"முதல் வண்டி நான் எடுக்கிறேன்.
தமாஸி, பின்னால் இருநூறு மீட்டர் தள்ளி வா.
நான் சொல்லும்வரை வளைவுக்குள் நுழையாதே."
வாயில் பனி விழுந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

ஏழாவது வளைவில் எந்திரத்தை அணைத்து
இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு
மேலே காது கொடுத்து நின்றேன்,
அன்று நான் நிற்காத நேரமெல்லாம்.
"தலைவரே, என்ன கேட்கிறது?" என்றான் தமாஸி ரேடியோவில்.
"பொறு. இன்னும் கேட்டு முடியவில்லை."

ஆறு ஐம்பதுக்கு லமாராவின் நீலக் கார் கடந்துபோனது.
அவள் கையசைக்கவில்லை.
முகப்பு விளக்கை மட்டும் ஒருமுறை தாழ்த்தினாள்,
எதிரே வரும் எந்த வண்டிக்கும்
இங்கே எல்லோரும் செய்வதுபோல.

கடிதம் பையில்தான் இருக்கிறது.
எட்டாவது வளைவில்
காற்று மறுபடி பனியைக் கொட்டிக்கொண்டிருந்தது.
வண்டியைத் திருப்பினேன்.