இதர கருத்துகள்

குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள்.
வகுப்பில் கோழிக் கிறுக்கல் இல்லாத கை
என்னுடையது ஒன்றுதான்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார்
உலான்பாத்தரிலிருந்து வந்த அதிகாரி.
கைப்பேசியை மேசைமேல் சாய்த்துவைத்தார்.
நேரம் முடிந்தால் அது மணியடிக்கும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று
வண்டியை உறுமவிட்டே வைத்திருந்தார் ஓட்டுநர்.

கல்வி எப்படி மாற வேண்டும்?
படிவத்தில் ஏழு கட்டங்கள்.
பாடத்திட்டம், ஆசிரியர், தேர்வு,
கட்டடம், விடுதி, கணினி.
கடைசியில், ஒரு விரல் அகலத்தில், இதர.

முதலில் எழுந்தவள் நோமுன்தாரி.
"ரயில் கணக்கு," என்றாள்.
"ஐந்தாம் வகுப்பிலிருந்து
இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துகொண்டிருக்கின்றன.
எங்களில் ஒருவரும் ரயிலைப் பார்த்ததில்லை.
போன ஜூத் குளிர்காலத்தில்
புல்லின் மேல் பனி கண்ணாடியாய் இறுகியபோது
இருக்கிற வைக்கோல் எத்தனை நாளுக்கு வரும்,
எந்த ஆட்டை முதலில் கைவிடுவது என்று
அப்பா விரல்விட்டு எண்ணினார்.
தப்பாக எண்ணினார்.
நூற்றுப் பத்து ஆடுகள் அளவுக்குத் தப்பு.
அந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

எழுதினேன்: பாடத்திட்டம்.

முறை வராமலே எழுந்தான் தவாநியாம்.
"எனக்கு ஆட்டுக் கணக்கு வேண்டாம்.
புழுக்கை அள்ளியே பாதி வயது போயிற்று.
ரயில்மேல் கைவைக்காதீர்கள்.
நான் அதில் ஏறப்போகிறவன்.
முடிந்தால் இன்னும் இரண்டு பெட்டி சேருங்கள்."
எல்லோரும் சிரித்தோம். நோமுன்தாரி சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து அவளும்.

இதுவும் பாடத்திட்டம்தான்.
ஒரே கட்டத்துக்குள் இருவரும்
முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள்.

செந்த்சுரேன் உட்கார்ந்தபடியே பேசினாள்.
விடுதியில் புதிதாக வந்த ஆறு வயதுப் பிள்ளைகள்
இரவில் படுக்கையை நனைக்கிறார்களாம்.
காவலம்மா எழுவதற்குள்
விரிப்பை அலசி, குழாய்மேல் காயப்போட்டு,
அம்மா வசந்தத்தில் வருவாள் என்று
பொய்யோ மெய்யோ சொல்லித் தூங்கவைத்து,
காலையில் முதல் மணிக்கு வேதியியல்.
"நாலு வருடமாய்ச் செய்கிறேன்.
அதற்கு மதிப்பெண் உண்டா?
இல்லையென்றால் வேதியியலில் தூங்கியதற்காக
என்னைத் திட்டாதீர்கள்."

விடுதியா, தேர்வா?
பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது.
கோட்டின் மேலேயே எழுதிவிட்டேன்.

பிறகு சோய்ஜில்.
எழுந்தான்.
தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றினான்.
சுவரோரம் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்றது.
யாரோ இருமினார்கள்.
சோய்ஜில் பேச வாயெடுப்பதும்
மூடுவதுமாய் இருந்தான்.
பின் பக்கத்தில் விடை அச்சடிக்காத கேள்வியை
அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.
மணியடித்தது.
"இன்னும் ஆரம்பிக்கவில்லை," என்றான்.
"நேரம் முடிந்தது, தம்பி," என்றார் அதிகாரி,
கோபமாக அல்ல,
ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

இதர: இன்னும் ஆரம்பிக்கவில்லை.
அப்படியே எழுதினேன்.
விரல் அகலத்துக்குச் சரியாக இருந்தது.

குறிப்பெடுப்பவளுக்கு இரண்டு நிமிடம் கிடையாது.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம் என்று
படிவத்தில் முத்திரை குத்தும்போது தோன்றியது.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனவர்
வாசலிலிருந்து திரும்பி வந்தார்.
கைப்பேசியை மறந்துவிட்டார்.
மேசையருகே சோய்ஜில்தான் நின்றிருந்தான்.
எடுத்துக் கொடுத்தான்.
கொடுக்கும்போது ஏதோ சொன்னான்.

எனக்குக் கேட்கவில்லை.
பேனாவை மூடிவிட்டிருந்தேன்.
அதிகாரி ஒரு கையுறையைக் கழற்றினார்,
பிறகு மற்றதை.
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.
வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.
ஓட்டுநர் இருமுறை ஹாரன் அடித்தார்.

எத்தனை நிமிடம் என்று
யாரும் பார்க்கவில்லை.