மாரி

லாபிஸில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது
பெட்டியில் இருபது கிலோ.
பாதி படக்கதைப் புத்தகம்,
மூன்று சுடிதார்,
அம்மா இடுக்கில் திணித்த கடலைமிட்டாய்.
எடைமேடையில் ஏறாத ஒன்றும் இருந்தது:
இங்கே தமிழ் தேய்கிறது, நான் போய்
நிமிர்த்தப் போகிறேன் என்கிற நினைப்பு.

முதல் காலை ஏழரைக்குக் கொடிமரத்தடி.
என் மணிக்கட்டில் ஐந்து.
முள்ளைத் திருப்ப மனசில்லை.
பத்தொன்பது பிள்ளைகள், ஆறு வகுப்பு.
நாட்டுப்பண்ணுக்கு வெறுமனே வாயசைத்தேன்.
மூன்றாம் வகுப்பு ஷர்வினேஷ்
ஒற்றைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டான்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றார்
தலைமையாசிரியை சுகுணவதி.
"டிஃபன் ஆச்சு மேடம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது
இரண்டு வாக்கியத்தில் எது தேய்ந்தது என்று.

கணக்கு வகுப்பு.
"எல்லாரும் ரப்பர் எடுங்க."
ஒருவரும் எடுக்கவில்லை.
சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.
"ரப்பர் இல்ல டீச்சர்.
எங்கப்பா சின்னப் பிள்ளையா இருக்கும்போதே வெட்டிட்டாங்க.
இப்ப செம்பனைதான்."
லோஷினியின் முகத்தில் அவ்வளவு வருத்தம்,
அதை வாங்கிப் போகத்தான்
நான் கடல் தாண்டி வந்தேன்போல.
பிறகு என் நோட்டில் இருந்த தப்பான ஏழைப் பார்த்து
"ஓ, அழிப்பானா!"
பத்தொன்பது பென்சில்பெட்டியும் திறந்தது.

நூலகத்துக்குப் பின்னால் என் அறை.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
இரண்டாம் இரவு ஆந்தை கத்தியது, மிக அருகில்.
ஊர் என்றால் அம்மா
ஒரு பிடி உப்பை அடுப்பில் போட்டிருப்பாள்.
எனக்கு அடுப்பில்லை; போர்வையை இழுத்துக்கொண்டேன்.
காலையில் காவலாளி சன்னாசி சிரித்தார்:
"எலி புடிக்க கம்பெனியே வளக்குதும்மா."
காட்டினார். செம்பனை வரிசைக்கு நடுவே கம்பம்,
கம்பத்தின் மேல் மரப்பெட்டி,
வெள்ளைப் பெயிண்டில் எண் நாற்பத்தொன்று.
என் அறைக்கு எண் கிடையாது.

மூன்றாம் நாள் அழுதேன்.
காரணம் சொல்லக் கூச்சம்:
நாசி லெமாக் சம்பல் இனித்தது.
அவ்வளவுதான்.

மழை நாலு மணிக்கு வந்தது.
மறுநாளும் நாலு மணிக்கு, பள்ளி மணிபோல.
கோவில்பட்டியில் பிறந்தவளால் உட்கார முடியுமா?
மாலை வகுப்பை அப்படியே விட்டு
வராந்தாவுக்கு ஓடினேன்.
பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள்
என்னவோ ஏதோவென்று தேடினார்கள்.
"மழதானே டீச்சர்" என்றான் ஷர்வினேஷ்,
ஏமாற்றத்தோடு.

கேண்டீனில் காக் நூர் கையசைத்தாள்:
"மாரி, மாரி!"
திடுக்கிட்டுப் போனேன்.
மாரிக்கனி என்று சொல்லக் கூசி
கல்லூரியில் நான் வெட்டிப்போட்ட பாதி அது.
வருகைப் பதிவேட்டிலும் வெறும் கனிதான்.
இவளுக்கு யார் சொன்னது?
கிட்டே போனதும் தட்டில் சோறு வைத்தாள்.
அடுத்து லோரிக்காரரையும்
"மாரி, மாரி" என்றாள்.
அவரும் போனார்.
தபால்காரர், தலைமையாசிரியை, ஒரு பூனை.

நேற்று மாலை வகுப்பில் அம்மாவின் அழைப்பு.
கைதவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.
"ஏ மாரி... மாரீ... கேக்குதாடி?"
வகுப்பு நிசப்தம்.
லோஷினி மெல்ல எழுந்து நின்றாள்.
"டீச்சர், உங்கம்மா
வாங்கறாங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அம்மாவுக்கு அங்கே மணி ஒன்றரை,
வெயில் உச்சியில் இருக்கும்.
இங்கே நாலு.
தகரக் கூரையில் விழத் தொடங்கியது,
அதற்கு மேல்
அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை.