ஆளுக்கு எவ்வளவு

ஸ்டாக்டனில் ஜனவரி மூடுபனி
கடையின் பெயர்ப்பலகையை விழுங்கிவிடும்.
வண்டி வருவதை முதலில் காது சொல்லும்,
பிறகு இரண்டு மஞ்சள் விளக்கு,
அதற்குள் இருபது பேர் ஓடியிருப்போம்.
டீசல் உறுமினால் காண்டிராக்டர்.
சத்தமே இல்லையென்றால் போலீஸ்.

போன வருஷம்வரை மணிக்குப் பதினைந்து டாலர்.
இப்போது எட்டு.
நிகானோர் ஏழுக்கும் ஏறுகிறான்.
கோபப்பட்டுப் பார்த்தேன்.
அவனுக்கு மூன்று பிள்ளைகள்; கோபம் நிற்கவில்லை.

வங்கி அனுப்பிய பெண் ஒருத்தி
எங்கள் இருவரையும் பொறுக்கினாள்.
ஏலத்துக்குப் போகும் வீடு,
உள்ளே இருப்பதெல்லாம் குப்பை,
இருட்டுவதற்குள் காலியாக வேண்டும்.
தெருமுனை திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.
ஐந்து வருஷம் முன்பு இது தக்காளி வயல்.
அந்த வீட்டின் தரை முழுக்க
என் முழங்கால்.

குப்பை என்றார்கள்.
ஒரு மீன்தொட்டி, தண்ணீரோடு.
யாரோ ஜெயித்த பேஸ்பால் கோப்பைகள்.
பிரிக்காத கடிதங்கள் ஒரு சாக்கு,
எல்லாவற்றிலும் ராண்டல் ஹக்கபி என்று ஒரே பெயர்.
சலவை அறையில் மெஷினை நகர்த்தினோம்.
அடியில், கோணலாக, ஒரு டைல்.

அதை ஒட்டிய மதியம்தான்
வேவேதெனாங்கோவிலிருந்து தம்பி பேசினான்:
அப்பாவை அடக்கம் செய்தாயிற்று, நீ வரவேண்டாம்.
வந்தால் திரும்ப முடியாது என்பதை
அவனும் சொல்லவில்லை, நானும்.
பசை காய்வதற்குள் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஹக்கபி.
அக்டோபரில் நகர மன்றத்தில் மைக் பிடித்தவர்.
ஆளுக்கு மூன்று நிமிஷம்.
இருபத்திரண்டு வருஷம் வீடுகளுக்கு மரச்சட்டம் அடித்த கை
அன்று வேறு சட்டம் கேட்டது:
கடை வாசலில் எவனும் நிற்கக் கூடாது.

பின்வரிசையில் நாங்கள் ஆறு பேர்.
பாதிரியார் ஸ்பானிஷில் சொல்ல,
நான் அதை மாம் மொழியில் நிகானோருக்குச் சொல்ல,
அது அவனிடம் போய்ச் சேர்வதற்குள்
சிவப்பு விளக்கு எரிந்து அவர் உட்கார்ந்துவிட்டார்.
"என்னவாம்?"
"வேலை இல்லையாம்."
"நமக்கா?"
"அவருக்கு."

எங்கள் பக்கம் பேச ஓர் அம்மாள் எழுந்தாள்.
இந்த நாட்டுக்காரர்கள் தொடாத வேலையை
இவர்கள் செய்கிறார்கள் என்றாள்.
கைதட்டினார்கள்.
அது பாராட்டா வசையா
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரியில் ஒரு விடியல்,
பனிக்குள்ளிருந்து நடந்து வந்தார்.
வண்டி இல்லை.
இடுப்பில் தோல்பை, கையில் ரசமட்டம்.
எங்களுக்குப் பத்தடி தள்ளி,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.
அங்கே பஸ் வராது.

டீசல் உறுமல்.
ஓடினோம். கண்ணாடி இறங்கியது.
ஓட்டி வந்தவன் எங்கள் தலைகளுக்கு மேலாக
அவரைப் பார்த்துக் கேட்டான்:
"உன் ஆட்கள், ஆளுக்கு எவ்வளவு?"

ஹக்கபி எங்கள் பக்கம் திரும்பினார்.
எண்ணுவதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
"பன்னிரண்டு" என்றார்.
"என்னையும் சேர்த்துத்தான்."

கண்ணாடி ஏறியது. வண்டி பனிக்குள் போயிற்று.
நிகானோர் மாம் மொழியில் ஏதோ சொன்னான்,
அதை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன்.
ஏழு என்றிருந்தால்
இந்நேரம் அவன் வண்டியில் இருந்திருப்பான்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.
காலிப் பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து
காலால் அவர் பக்கம் தள்ளினேன்.
பழக்கதோஷம், ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.
குமிழி ஓரமாய்ப் போய் ஒண்டியது.
இருந்தும் உட்கார்ந்தார்.

சலவை அறை பற்றி நான் வாய் திறக்கவில்லை.
ரசமட்டம் வைத்திருக்கும் மனிதர்,
அந்தக் கோணல் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.