கழிவு போக

கட்டுநாயக்காவில் நாலு நாள் கிடந்தது பெட்டி.
சுங்கத்திலிருந்து ஒருவர் சிங்களத்தில் பேசினார்:
"மிஸ், இதில் 'மனித' என்று போட்டிருக்கே,
உடம்புத் துண்டா?"
இல்லை, சேர். மனித மரபணுவை
பற்றீரியாவுக்குள் வைத்து ஆக்கின புரதம்.
"அப்போ மனிதனா, பற்றீரியாவா?
மூலம் என்று ஒரு கட்டம்தான் இருக்கு."

என் பிறப்புச் சான்றிதழிலும் அப்படி ஒரு கட்டம்.
தோட்டத்துக் கிளாக்கர் யாரையும் கேட்காமல் நிரப்பியது.
'ஆய்வுகூடம்' என்று போடுங்கள், சேர்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
பிறகு முத்திரை விழுந்த ஓசை.

நிஹால் வேனில் போய் எடுத்துவந்தார்.
கடுகண்ணாவையில் பனி, ஒரு பக்கப் பாதை,
உலர்பனி தீரத் தீர
மடியில் பெட்டி லேசாகிக்கொண்டே வந்ததாம்.
பேராதனையில் இறக்கிப் பிரித்தோம்:
ரெஜிபோமுக்குள் பை, பைக்குள் டப்பா,
டப்பாவுக்குள் சுண்டுவிரல் நுனியளவு குழாய்.
ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல
என்று பொடியெழுத்து.
குழாய்க்குள் ஒன்றுமில்லை.

அப்படித்தான் இருக்கும்.
பத்து மைக்ரோகிராம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
மூச்சுப்பட்ட கண்ணாடிபோல ஒரு படலம்.
எங்கள் தராசு அதற்குச் சுழியம்தான் காட்டும்.
டொக்டர் வெத்தசிங்க விலைச்சிட்டையை
இரண்டாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

விலையை அக்காவுக்குச் சொன்னது என் தப்பு.
மஸ்கெலியாவில் பெரட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்,
ஃபோனைத் தோளில் இடுக்கி.
"என்னோட நாலு மாசச் சம்பளம்டி. எத்தன கிலோ?"
ஒரு கிலோவை நூறு கோடியாக்கி
அதில் பத்து.
சிரித்தாள். இரைத்துக்கொண்டே சிரித்தாள்.

நேற்று அவளுக்குத் தராசு பத்தொன்பது காட்டியது.
சாக்குக்கு ஒன்று, மழைத் தண்ணிக்கு இரண்டு,
முற்றல் இலை என்று
கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தது ஒன்று.
கழிவு போகப் பதினைந்து.
அரைப்பேர்.

"சரி, அது என்னத்தச் செய்யும்?"

தோல் என்றே தீர்ந்துபோன ஒரு கலத்துக்குள் போய்
நீ இன்னும் எதுவும் ஆகவில்லை என்று சொல்லும்.
நரம்பாகலாம், இதயத் தசையாகலாம்,
மறுபடி தோலே ஆகலாம்.
ஒற்றையாய்ச் சொன்னால் கேட்காது,
கூட இன்னும் மூன்று வேண்டும்.
சவ்வு வழிவிடாது என்று
வாலில் பதினோரு ஆர்ஜினின் கோத்திருக்கிறார்கள்.
வாசலில் காட்டுகிற துண்டு மாதிரி.
"அதுக்கும் துண்டா?"
குருத்துக் கலம்னு பேர், அக்கா.
"கொழுந்தா?"
அதற்குள் பெரட்டில் அவள் பேர் விழுந்தது.
வைத்துவிட்டாள்.

சுழற்று, பிறகு திற. குலுக்காதே.
நுரைத்தால் போச்சு.
ஐஸுக்கு மேல் கையை வைத்து
ஐந்து கூறாகப் பிரித்தேன்.
பிளாஸ்டிக் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்,
டிப்பின் நுனியில் கொஞ்சம்.
எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இல்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்:
கழிவு, தெரியாது.
அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஹந்தானைப் பக்கம் மின்னல்.
ஜெனரேட்டர் இருமி, நின்று, இருமி, பிடித்தது.
அதுவரை மைனஸ் எண்பது பெட்டியின் கதவில்
முதுகைச் சாய்த்து நின்றேன்,
யாரோ திறக்க வருகிற மாதிரி.

இருபத்தோராம் நாள்.
தட்டில் தோல் தோலாகவே இருந்தது.
ஒரு மூலையில் மட்டும், அல்லது என் கண்ணில் மட்டும்,
ஓரம் மழுங்கி, நெருக்கியடித்துக்கொண்டு
ஏழோ எட்டோ.
டொக்டர் வெத்தசிங்க குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி குனிந்தார்.
"தூசியாயிருக்கும்."
இருக்கலாம், மெடம்.
"எறியாதே."

மூடிமேல் தேதி போட்டு
இன்குபேட்டரில், மேல் தட்டில்,
ஆட்டாமல் வைத்தேன்.